பழைய பெற்றோர் பட்டியல்

அந்தக் கல்வி அலுவலகத்தின் கீழ் முப்பத்தெட்டுப் பள்ளிக்கூடங்கள். அங்கே படிக்கிற பிள்ளைகளின் வீட்டுக்கு எந்தச் சேதி போகவேண்டுமென்றாலும் ஒரே ஒரு பெண்ணின் குரலில்தான் போகும். நாளைக்கு விடுமுறை, வெள்ளிக்கிழமை தடுப்பூசி, மூன்றாம் எண் வண்டி அரைமணி தாமதம், பிள்ளைகளின் தலையில் பேன் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள் என்று எதுவானாலும் அவள் ஒரு தடவை ஒலிவாங்கியில் பேசிப் பதிவு செய்வாள். பிறகு கணினியில் பள்ளியைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அமுக்கினால் வீடு வீடாகப் போன் மணி அடிக்கும். அதனால் ஊரில் அவளுக்குப் போன் அக்கா என்று பெயராகிவிட்டது. அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூடக் கடைத்தெருவில் பார்த்தால் "என்ன போன் அக்கா, இன்னிக்கு என்ன சேதி?" என்றுதான் கேட்பார்கள்.

ஊருக்கே தெரிந்த குரல். ஆனால் அதை யாரும் முழுசாகக் கேட்டதில்லை. இது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். ஏனென்றால் ஒவ்வொரு அழைப்புக்கும் எதிரே, அவர்கள் எத்தனை நொடி கேட்டார்கள் என்று கணினி ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டே வரும். பதினொரு வருஷத்துச் சராசரி ஒன்பது நொடி. "அன்பார்ந்த பெற்றோர்கள் அனைவருக்கும் கல்வி அலுவலகத்தின் பணிவான வணக்கம்" என்று சொல்லி முடிக்கவே எட்டு நொடி ஆகும். அந்த வணக்கம் இருந்தே தீரவேண்டும் என்பது மேலதிகாரியின் உத்தரவு. ஆக, பதினொரு வருஷமாக ஊர் முழுக்கக் கேட்டது அவளுடைய வணக்கத்தை மட்டும்தான்.

பக்கத்து மேசைக்காரர் அதைச் சொல்லிச் சிரிப்பார். பெற்றோர்களின் எண்களைப் பள்ளிவாரியாக, ஆண்டுவாரியாகச் சேர்த்து வைப்பது அவர் வேலை. பட்டியல் ஐயா என்பார்கள். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. ஒருமுறை ஏற்றிய எண்ணை அழிக்கச் சொன்னால் தன் பல்லைப் பிடுங்கச் சொன்னமாதிரி முகம் சுளிப்பார்.

"உன் வணக்கத்துக்கு ஊர்ல எவ்வளவு மரியாதை பாரும்மா. அதை மட்டும் கேட்டுட்டு, போதும்னு வெச்சிடறாங்க" என்பார்.

"பெற்றோர் கூட்டத்துக்கும் அப்படியேதான் ஐயா. நானூறு நாற்காலி போட்டேன், ஏழு பேர் வந்தாங்க. அதுலயும் ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அந்த ஏழு அவளுக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. கூப்பிடுவது ஒரு வேலை, யாரும் வராமல் போவது அதன் கூலி என்று மனதைத் தேற்றிக்கொண்டு நாளைத் தள்ளினாள்.

ஒரு வாரம் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை பத்தேகாலுக்கு அவள் மேசைப் போன் அடித்தது. நீர்த்தேக்கத்துப் பொறியாளர் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் யாரிடமோ வேறு ஏதோ சொல்லிக்கொண்டே பேசினார்.

"உங்க பெரிய அதிகாரி போனை எடுக்கலை. அவசரத் தாள்ல ரெண்டாவது எண் உங்களுது. பதினொன்றரைக்கு மதகு திறக்கிறோம், வேற வழி இல்லை. ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மணிக்குள்ள தண்ணி வந்துடும். பள்ளிக்கு முன்னாடி அந்தத் தாழ்வான ரோடு இருக்கு பாருங்க, பன்னிரண்டரைக்கு மேல அதை நம்பாதீங்க."

"இப்ப ரோடு எப்படி இருக்கு?"

"இப்பவே வாய்க்கால் அதுமேலதான் ஓடுது. கணுக்கால் அளவு. பாலத்தை மூடியாச்சு."

போனை வைத்ததும் போன் அக்காவுக்கு அந்த இடம் கண்முன் வந்து நின்றது. மாடி இல்லாத பள்ளிக்கூடம். ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரைக்கும் இருநூற்று எண்பத்தாறு பிள்ளைகள். பள்ளி வாசலிலிருந்து இருநூறு மீட்டர் தூரம் ரோடு பள்ளத்தில் ஓடி, அப்புறம் செங்குத்தாக மேடு ஏறும். மேட்டின் உச்சியில் பெரிய பிள்ளைகளின் பள்ளி. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் எந்த வெள்ளமும் தொடாது. ஆனால் பள்ளி வண்டிகள் மூன்றும் நிற்கிற கொட்டகை பாலத்துக்கு அக்கரையில் இருந்தது. பிள்ளைகளின் பெற்றோரில் பாதிக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலைகளும் அக்கரையில்தான். இந்தப் பக்கம் இருப்பது பத்து ஆசிரியைகளும் ஒரு காவலாளியும்.

பள்ளியின் தலைமையாசிரியைக்குப் போன் போட்டாள். முப்பது வருஷமாக அதே பள்ளியில் இருக்கிறவர். எல்லாருக்கும் அவர் பெரிய டீச்சர்.

"கணுக்கால் தண்ணியில சின்னதுங்க நிக்காதும்மா" என்றார் பெரிய டீச்சர். "ஓடற தண்ணி, பக்கத்துலயே வாய்க்கால். ஒரு டீச்சர் ரெண்டு பிள்ளையைத்தான் பிடிக்க முடியும். இருபது இருபதா எடுத்துட்டுப் போயிட்டுத் திரும்பி வந்தா பதினைஞ்சு நடை. நேரம் இருக்கா?"

"இல்லை டீச்சர். ஆளு அனுப்பறேன்."

சொல்லிவிட்டாளே தவிர எந்த ஆளை அனுப்புவது என்று தெரியவில்லை. தீயணைப்பு வண்டி நகரத்தின் மறுகோடியில் மருத்துவமனை அடித்தளத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. வர ஒரு மணிநேரம் ஆகும் என்றார்கள். அவள் ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்தாள்.

பட்டியல் ஐயா எழுந்து வந்தார். "மூணு கையெழுத்து வேணுமேம்மா. அவசர அறிவிப்புன்னாலும்."

"தண்ணிகிட்ட ஒண்ணு வாங்கிட்டு வாங்க ஐயா. மீதி ரெண்டை நான் போடறேன்."

அவள் வணக்கம் சொல்லாமல் பேசினாள். பதினொரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"ஆற்றங்கரைப் பள்ளிப் பெற்றோருக்குப் போன் அக்கா பேசறேன். மதகு திறக்கறாங்க. பிள்ளைங்களை இப்பவே மேட்டுப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிட்டுப் போகணும். தாழ்வான ரோட்டுல தண்ணி ஓடுது. பிடிச்சு நடத்த ஆள் போதலை. ஆத்துக்கு இந்தப் பக்கம் யார் இருக்கீங்களோ உடனே தாழ்வான ரோட்டுக்கு வாங்க. கயிறு இருந்தா எடுத்துட்டு வாங்க. பன்னிரண்டரைக்குள்ள முடிச்சாகணும். பாலத்துப் பக்கம் போகாதீங்க."

முப்பத்தொரு நொடி. ஆற்றங்கரைப் பள்ளியைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அமுக்கினாள். மணி பத்து நாற்பது.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவள் கைப்பையில் இருந்த சொந்தப் போன் அடித்தது. மேலதிகாரிதான் கூப்பிடுகிறார் என்று அவசரமாக எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஆற்றங்கரைப் பள்ளிப் பெற்றோருக்குப் போன் அக்கா பேசறேன்" என்றது அவள் குரல்.

அவளுடைய மகனும் அதே பள்ளியில்தான் படித்தான். ஆனால் அது ஆறு வருஷத்துக்கு முன்னே. இப்போது வெளியூரில் விடுதியில் தங்கி, மீசை வளர்க்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறான். அவன் படித்த பள்ளியின் பட்டியலில் அவள் எண் இன்னும் இருக்கலாம். இன்றைய அழைப்பு எப்படி அந்த எண்ணுக்கு வந்தது?

திரையைப் பார்த்தாள். பள்ளியின் பெயருக்குக் கீழே இரண்டு கட்டங்கள். நடப்புப் பெற்றோர், பழைய பெற்றோர். சரிக்குறி இரண்டாவது கட்டத்தில் இருந்தது.

போன வாரம் அந்தப் பள்ளியின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு அழைப்பு அனுப்பினார்கள். பழைய மாணவர்களின் பெற்றோரையும் கூப்பிடவேண்டுமென்று அவள்தான் கேட்டாள். பட்டியல் ஐயா ஆசை ஆசையாகப் பதினைந்து வருஷத்துப் பட்டியலைத் திறந்துகொடுத்தார். சரிக்குறியைப் போட்டது அவள் கை. அதை எடுக்க மறந்ததும் அதே கைதான்.

"ஐயா" என்றாள். "தப்பான பட்டியல். பழைய பெற்றோருக்குப் போகுது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேருக்கு."

ஐயா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையின்மேல் குனிந்தார். "இது முடிஞ்சாத்தான் அடுத்ததை எடுக்கும். இருபத்தைஞ்சு நிமிஷம் ஆகும். நிறுத்தட்டுமா? நிறுத்தினா மறுபடி கிளப்பப் பத்து நிமிஷம்."

கணினி, அழைப்புக்கு எதிரே நொடிகளைப் போட்டுக்கொண்டு வந்தது. அவள் கண் பழக்கத்தில் அங்கே போனது. முப்பத்தொன்று. முப்பத்தொன்று. முப்பத்தொன்று. நடுவில் ஒரு நான்கு. மறுபடி முப்பத்தொன்று, முப்பத்தொன்று. ஏதோ பழுதென்று நினைத்துத் திரையை ஒரு தட்டுத் தட்டினாள். எண்கள் அப்படியே மேலேறிப் போய்க்கொண்டிருந்தன. ஊர் கேட்டுக்கொண்டிருந்தது, கடைசி வார்த்தை வரைக்கும்.

மேசைப் போன் அடித்தது. ஒரு பெண் குரல். பின்னால் தையல் இயந்திரம் ஓடி நிற்கிற சத்தம்.

"போன் அக்காவா? நான் தையல் கடையிலேருந்து பேசறேன். என் பொண்ணு அங்க படிச்சு பதிமூணு வருஷம் ஆச்சு. கல்யாணம் ஆகி, புருஷன்கூடச் சண்டை போட்டு, சமாதானமும் ஆயிட்டா. அவளை நான் இப்ப எங்கேருந்து கூட்டிட்டு வர?"

"மன்னிச்சுக்குங்க அம்மா. தப்பு என்னுது. பழைய பட்டியலுக்கு..."

"சரி, அது இருக்கட்டும். தாழ்வான ரோடுன்னா வாய்க்கால் ஓரம்தானே? நான் கிளம்பிட்டேன். துணி கட்டற நைலான் கயிறு இருக்கு, அது ஆகுமா?"

போன் அக்கா மேலேறுகிற எண்களை இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம் "ஆகும்" என்றாள். போனை வைத்துவிட்டு ஐயா பக்கம் திரும்பினாள். "நிறுத்தாதீங்க. ஓடட்டும்."

"நடப்புப் பெற்றோர்?"

"இது முடிஞ்சதும் அவங்களுக்கு." உட்கார்ந்து இன்னொன்று பதிவு செய்தாள். பிள்ளைகள் மேட்டுப் பள்ளிக்குப் போகிறார்கள், பாலத்துக்கு வராதீர்கள், தொழிற்சாலையிலேயே இருங்கள், கூட்டிப் போக வழி திறந்ததும் நானே கூப்பிடுகிறேன். இதைச் சொல்லும்போது, சொல்வது உண்மையாகிவிடவேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள். கட்டத்தை ஐயாவும் அவளும் இரண்டு தடவை சரிபார்த்தார்கள்.

அலுவலக ஜீப்பில் ஏறினாள். ஓட்டுநர் பேசாமல் இருக்கத் தெரியாத மனுஷர்.

"எத்தனை பேருக்கம்மா போன் போச்சு?"

"ரெண்டாயிரம் பேருக்குக் கொஞ்சம் கம்மி."

"எத்தனை பேர் வருவாங்க?"

"போன கூட்டத்துக்கு ஏழு பேர்."

ஓட்டுநர் வேகத்தைக் கூட்டினார். துடைப்பான் கண்ணாடியை இழுத்து இழுத்துத் துடைத்தது. "நம்ம ரெண்டு பேரைச் சேர்த்தா ஒன்பது" என்றார் கடைசியில்.

மேட்டுப் பள்ளிக்கு அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே ஜீப் நின்றுவிட்டது. வழி அடைத்திருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் சைக்கிள்கள், ஸ்கூட்டர்கள், பின்கதவு திறந்தபடியே விட்டுப்போன ஒரு சரக்கு வண்டி, செங்கல் பாரத்தோடு ஒரு டிராக்டர். எந்த வண்டியிலும் ஆள் இல்லை. நிறைய வண்டிகளில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் அவள் ஏதோ விபத்து என்றுதான் நினைத்தாள். இறங்கி மழையில் நடந்தாள். மேட்டின் விளிம்புக்கு வந்து கீழே பார்த்தாள்.

கீழே இறங்கும் சரிவு முழுக்க மனிதர்கள். குடையும் பிளாஸ்டிக் தாளும் வெறுந்தலையுமாக. காற்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்ட வங்கிக்காரர்கள், முன்கவசத்தோடு ஒரு ரொட்டிச்சூளைக்காரர், கழுத்தில் கத்தரிக்கோல் தொங்க முடிதிருத்துபவர், அவர் பக்கத்திலேயே பாதி முகம் மட்டும் மழித்த ஒரு பெரியவர். தலைமுடியில் சாயம் பூசிக் காயாமல், அது நெற்றியில் கறுப்பாக வழிய நிற்கிற ஓர் அம்மா. இருநூறு, முந்நூறு என்று எண்ணிக்கொண்டு போனவள் நானூறில் விட்டுவிட்டாள். இன்னும் பின்னாலிருந்து அவள் தோளை உரசிக்கொண்டு ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அவ்வளவு பேர், மழைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க" என்றாள். முன்னால் நின்ற நாலைந்து முதுகுகள் சட்டென்று திரும்பின. முகத்தைப் பார்க்கும் முன்னாலேயே குரல் தெரிந்துவிட்டது.

"போன் அக்கா வந்துட்டாங்க" என்றது ஒரு குரல். வழி பிளந்தது.

கீழே, தாழ்வான ரோட்டின் இந்த முனையில் இரும்புக்கடைக்காரர் நின்றிருந்தார். ஒரு தோளில் சங்கிலி, மறு தோளில் மாட்டுத் தலையளவு கயிற்றுச் சுருள். "பெரிய டீச்சர் கேட்டைத் திறக்கமாட்டேங்கறாங்கம்மா" என்றார். "நீங்க வந்து சொல்லுங்க."

தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. கலங்கல் தண்ணீர் இடப்பக்கத்து வாய்க்காலிலிருந்து ரோட்டின்மேல் ஏறி, வலப்பக்கம் வயலுக்குள் சரிந்துகொண்டிருந்தது. அவளும் இரும்புக்கடைக்காரரும், நைலான் கயிறோடு வந்திருந்த தையல்கார அம்மாவும் கையைக் கோத்துக்கொண்டு அந்த இருநூறு மீட்டரைக் கடந்தார்கள். பெரியவர்களுக்கே கால் இழுத்தது.

கேட்டுக்குப் பின்னால் பெரிய டீச்சர். அவருக்குப் பின்னால் தாழ்வாரத்தில் வகுப்பு வகுப்பாக, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள். பெரிய டீச்சர் கையில் அட்டைக் கட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஒப்படைப்பு அட்டை உண்டு. அதில் பெயரிருக்கிறவர் கையில் தவிர வேறு யாரிடமும் பிள்ளையை விடக்கூடாது. அந்த அட்டையை அச்சடித்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்பியது போன் அக்காவேதான். அட்டையின் அடியில் "எக்காரணம் கொண்டும்" என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னதும் அவள்தான்.

"வந்திருக்கிறவங்கள்ல ஒருத்தர் பேர்கூட இந்த அட்டைங்கள்ல இல்லை" என்றார் பெரிய டீச்சர். "நல்லவங்கதான், எனக்குத் தெரியும். ஆனா நானூறு பேர்ல எனக்குத் தெரியாத நாலு பேரும் இருப்பாங்க. மழை, கூட்டம், ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிட்டுப் போனா யார் எங்கேன்னு நான் யாரைக் கேக்கறது? சாயங்காலம் ஒரு தாய் வந்து நின்னு என் பிள்ளை எங்கேன்னா நான் என்ன சொல்ல?"

அவர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. போன் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று முப்பத்தைந்து. மதகு திறந்தாகிவிட்டது.

இரும்புக்கடைக்காரர் கயிற்றுச் சுருளை இறக்கிக் கேட்டின்மேல் மாட்டினார். "டீச்சரம்மா, பிள்ளையை எங்க கையில கொடுக்கவே வேணாம். நாங்க ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வரிசையா நின்னுக்கறோம், இங்கேருந்து மேடு வரைக்கும். கயிறைப் பிடிச்சுக்கறோம். நடுவுல உங்க டீச்சருங்க நடத்திட்டுப் போகட்டும். எங்களை ரெண்டு சுவருன்னு நினைச்சுக்குங்க."

பெரிய டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சுவர் கையை நீட்டாது."

"நீட்டாது."

"பிள்ளை வழுக்கி விழுந்தா?"

"அப்ப மட்டும் நீட்டும். தூக்கி நிறுத்திட்டு மறுபடி மடக்கிக்கும்."

"உன் பையன்தானே சத்துணவுக் கூடத்துக் கூரைமேல ஏறி இறங்கத் தெரியாம அழுதவன்?"

"அவனேதான். இப்ப கப்பல்ல வேலை பார்க்கறான். அங்க எங்க ஏறி அழறானோ."

பெரிய டீச்சர் கேட்டின் தாழ்ப்பாளை எடுத்தார்.

போன் அக்கா திரும்பி அந்த நானூறு பேரைப் பார்த்தாள். இவ்வளவு பேருக்கு எப்படிச் சொல்வது என்று அவள் யோசிக்கும் முன்னாலேயே அவர்கள் அசையத் தொடங்கினார்கள். முன்னால் நின்றவர் பின்னால் நின்றவருக்குச் சொன்னார், அவ்வளவுதான். பலசாலிகள் வாய்க்கால் பக்கம், மற்றவர்கள் வயல் பக்கம். மில் மூட்டைக்காரர்கள் எட்டுப் பேர் வாய்க்கால் உடைத்துப் பாய்கிற இடத்தில் போய்த் தோளோடு தோள் முட்டி நின்றார்கள். தண்ணீர் அவர்கள் காலில் மோதிப் பிளந்து வேகம் குறைந்து நடுவில் வந்தது. இரும்புக்கடைக் கயிறும் தையல்கடைக் கயிறும் கிணற்றுக் கயிறும் சேலைத் துணியை முறுக்கியதும் ஒன்றோடொன்று முடியப்பட்டு, கைக்குக் கை மாறிப் போய் மேட்டின் அடியைத் தொட்டது. பள்ளி வாசலிலிருந்து மேடு வரைக்கும் இரண்டு மனிதச் சுவர்கள். நடுவே மூன்று பேர் நடக்கிற அகலத்துக்கு ஒரு பாதை. எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம். அலுவலகத்தில் நாற்காலி வரிசை போடவே அவளுக்கு அரை நாள் ஆகும்.

முதல் வகுப்பு முதலில் வந்தது. ஒரு டீச்சர், இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள், அவர்களைப் பிடித்துக்கொண்டு பின்னால் மேலும் நாலு. தண்ணீர் அவர்களுக்கு முழங்காலுக்கு மேல். சுவர் கை நீட்டவில்லை. ஆனால் எல்லாத் தலைகளும் குனிந்து, எல்லாக் கண்களும் அந்தச் சின்னக் கால்கள் வைக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டு இருந்தன. ஒரு பெண்பிள்ளை தடுக்கிச் சாய்ந்தாள். இரண்டு பக்கமிருந்தும் ஏழெட்டுக் கைகள் ஒரே நேரத்தில் வந்து, அவள் நனையும் முன்னே தூக்கி நிறுத்திவிட்டு, வந்த வேகத்தில் கயிற்றுக்குத் திரும்பின. அந்தப் பிள்ளைக்கு யார் தூக்கினார்கள் என்றே தெரியவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள்.

போன் அக்கா பாதையின் நடுப்பகுதியில், வயல் பக்கத்து வரிசையில் கயிற்றைப் பிடித்து நின்றாள். "மெதுவா, காலைத் தேய்ச்சு வைங்க, தூக்கி வைக்காதீங்க" என்று ஒவ்வொரு குழுவுக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு பையன் சட்டென்று நின்று அண்ணாந்து பார்த்தான்.

"நீங்க போன் அக்காவா?"

"ஆமாடா கண்ணு. நட."

"நிஜமாவே ஆளா? எங்க அம்மா மெஷின்னு சொன்னாங்க."

"அந்த மெஷினை நான் பார்த்தேன், மழையில நனைஞ்சுதுன்னு அம்மாகிட்ட சொல்லு. நட ராஜா."

அவளுக்கு அடுத்துக் கயிற்றைப் பிடித்திருந்த பாதி மழித்த பெரியவர் குலுங்கிச் சிரித்தார். அவரிடம் அவள் மனதில் கிடந்ததைக் கேட்டேவிட்டாள்.

"உங்க பிள்ளைங்க யாரும் இப்ப இங்க படிக்கலையே ஐயா. அது உங்களுக்குப் போன தப்பான போன்."

"தெரியும்மா. கேட்டவுடனேயே தெரிஞ்சுது. இங்க படிச்ச என் பேரனுக்கே மீசை முளைச்சாச்சு."

"அப்புறம்?"

பெரியவர் மழைத்தண்ணீரை வாயிலிருந்து ஊதித் தள்ளினார். "நீ வணக்கம் சொல்லலை. பத்து வருஷமா உன் வணக்கத்தைக் கேட்டவன் நான். சொல்லலைன்னதும் ஏதோ ஆயிடுச்சுன்னு எழுந்துட்டேன். முடிவெட்டறவன் பார்த்தான், அவன் போனும் அடிச்சுது. என் முகத்தை அப்படியே விட்டுட்டு ஓடறான் பாவி. நான் மட்டும் உக்காந்து கண்ணாடி பார்க்கறதா?"

அவள் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. டீச்சர்கள் மேட்டில் விட்டுவிட்டு, அதே பாதையில் திரும்பி ஓடிவந்து அடுத்த குழுவை எடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்குத் தண்ணீரின் நிறம் மாறியது. இன்னும் செம்மை, இன்னும் கனம். மரக்கிளைகள் வந்தன. வாய்க்கால் பக்கத்து மூட்டைக்காரர்கள் அவற்றைக் காலால் தள்ளி ஒதுக்கினார்கள். நிற்கிறவர்களுக்கு முழங்கால் முழுகியது. மூன்றாம் வகுப்புப் பாதியிலிருந்து பிள்ளைகளைத் தூக்கித்தான் போகவேண்டியிருந்தது. பெரிய டீச்சர் கேட்டிலிருந்து சத்தமாகச் சொன்னார், "தூக்கலாம். டீச்சர் முன்னாடி நடக்கணும், பிள்ளை அவங்க கண்ணுக்கு நேரா இருக்கணும். யாரும் வரிசையை விட்டு நகரக்கூடாது." வரிசை நகரவில்லை. பிள்ளைகள்தான் நகர்ந்தார்கள், ஒரு தோளிலிருந்து அடுத்த தோளுக்கு. டீச்சர் பக்கத்திலேயே நடக்க, பிள்ளை காற்றில் மிதக்கிறமாதிரி மேலேயே போனது. ரொட்டிச்சூளைக்காரர் கையிலிருந்து சாயம் பூசிய அம்மா கைக்கு, அங்கிருந்து போன் அக்கா கைக்கு, அவளிடமிருந்து பெரியவர் கைக்கு. ஒவ்வொரு பிள்ளையும் அவள் கையில் ஒரு மூச்சு நேரம் இருந்தது. ஈரச் சட்டை, அதற்குள்ளே கதகதப்பு, வேகமாக அடிக்கிற சின்ன நெஞ்சு. பதினொரு வருஷமாக அவள் எண்களாகப் பார்த்த வீடுகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவள் கைவழியே போய்க்கொண்டிருந்தன.

பன்னிரண்டு இருபதுக்கு ஐந்தாம் வகுப்பு முடிந்தது. காவலாளி வந்தார். கடைசியாகப் பெரிய டீச்சர், அட்டைக் கட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு, தண்ணீர் தொடையளவு மோத, இரண்டு பக்கமும் யாரையும் பார்க்காமல் நேராக நடந்து வந்தார். மேட்டுப் பள்ளியின் பெரிய கூடத்தில் பிள்ளைகளைத் தரையில் வகுப்புவாரியாக உட்காரவைத்து அவர் எண்ணும்போது, கயிற்றை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே ஏறிவந்த போன் அக்கா பக்கத்தில் நின்றாள். ஒருமுறை எண்ணினார். இருநூற்று எண்பத்தாறு. அட்டையை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிள்ளை கை தூக்கியதும் அட்டையை மறுபக்கம் வைத்து, மறுபடி எண்ணினார். இருநூற்று எண்பத்தாறு.

பெரிய டீச்சர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஐயாவுக்குப் போன் போடும்மா" என்றார். "தாய் தகப்பனுக்குச் சொல்லச் சொல்லு."

போட்டாள். பட்டியல் ஐயா எடுத்தார். அவள் எண்ணைச் சொன்னாள். "திருப்பிச் சொல்லும்மா" என்றார். சொன்னாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போனை மூடிவிட்டு மேட்டின் விளிம்புக்கு ஓடினாள்.

அவர்கள் அப்படியே நின்றிருந்தார்கள். இரண்டு வரிசையும், ஒருவரும் குறையாமல், இருநூறு மீட்டரும். நடுவில் பாதை காலியாகக் கிடந்தது. பிள்ளை யாரும் வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. ஆனால் முடிந்துவிட்டது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தண்ணீர் இடுப்பை எட்டிக்கொண்டிருந்தது. மூட்டைக்காரர்கள் எட்டுப் பேரும் பின்பக்கமாகச் சாய்ந்து நின்று அதைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லா முகமும் பள்ளி வாசல் பக்கம், இன்னும் ஒரு பிள்ளை இருந்துவிட்டால் என்று பார்த்துக்கொண்டு.

அவளிடம் ஒலிபெருக்கி இல்லை. மழை இரைச்சலும் தண்ணீர் இரைச்சலும் சேர்ந்து காதை அடைத்தன. எவ்வளவு கத்தினாலும் பத்தடிக்கு மேல் போகாது. சரிவில் சறுக்கி இறங்கி, வயல் பக்கத்து வரிசையில் முதலாவதாக நின்ற தையல்கார அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"முடிஞ்சுது அம்மா. எல்லாப் பிள்ளையும் மேல வந்தாச்சு. இருநூத்தி எண்பத்தாறும். பள்ளி வாசல்கிட்ட நிக்கிறவங்க முதல்ல நகரணும், கயிறை விடாம."

தையல்கார அம்மா தலையாட்டினார். பிறகு அடுத்தவர் பக்கம் திரும்பினார். அடுத்தவர் அதற்கடுத்தவருக்கு. போன் அக்கா அந்தச் சேதி போவதைக் கண்ணால் பார்த்தாள். ஒரு தலை திரும்பும், ஒரு வாய் அசையும், அடுத்த தலை திரும்பும். பாதி மழித்த பெரியவர், சாயம் வழிகிற அம்மா, ரொட்டிச்சூளைக்காரர் என்று அது தண்ணீரின் மேலே போய்க்கொண்டே இருந்தது. பாதியில் யாரும் அதை விட்டுவிடவில்லை. பள்ளி வாசலைத் தொட்டது. அங்கே நின்ற கடைசி ஆள் பாதையின் குறுக்கே குனிந்து எதிர்வரிசைக்காரரிடம் சொன்னார். வாய்க்கால் பக்கமாக அது திரும்பி வரத் தொடங்கியது. அது வர வர, அந்த முனையிலிருந்து இரண்டு வரிசையும் கயிற்றோடு சேர்ந்து மெல்ல மெல்ல மேட்டை நோக்கிச் சுருண்டன.

கடைசியில் அவளுக்கு எதிரே, வாய்க்கால் பக்கத்து முனையில் நின்ற இரும்புக்கடைக்காரர் அவள் பக்கம் சாய்ந்தார். அவருக்கு அதைச் சொல்லி அனுப்பியது யார் என்று தெரியாது.

"அம்மா" என்றார், மூச்சு வாங்க. "எல்லாப் பிள்ளையும் மேல வந்தாச்சாம். இருநூத்தி எண்பத்தாறும்."

ஓர் எண்கூட மாறாமல் வந்திருந்தது. அவள் கை நீட்டி அவரை மேலே இழுத்துவிட்டாள். அவருக்குப் பின்னால் அடுத்தவரை, அதற்கடுத்தவரை.